ஒன்பதாம் காம்பிராவிலிருந்து கொஞ்சம் உப்பு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கிளாஸ்கோ நகரத்தில், மூன்றாம் மாடியில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நான் கொஞ்சம் உப்பு கேட்டேன். அதன் பலனாக இன்று இந்தக் கட்டடத்தில் எங்கள் குடும்பம் சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பமாகிவிட்டது.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் சோடி குடி வந்திருந்தது. அன்று நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் கத்தியது. ஏதோ விழுந்து உடைந்தது. ஒரு பெண் குரல் "வேண்டாம், வேண்டாம்" என்று அலறியது. என் கை தானாக ஒரு வெறும் கோப்பையை எடுத்தது. கால் தானாக நடந்தது. யோசனை எல்லாம் பின்னால்தான் வந்தது, வழக்கம் போல.

கதவைத் திறந்தவன் ஆறடிக்கு மேல். கழுத்தில் ஒரு பச்சைத் துண்டு. அவனுக்குப் பின்னால் சோபாவில் அவன் மனைவி, அவள் கழுத்திலும் அதே பச்சைத் துண்டு, இரண்டு கையும் தலையில். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கிவிட்டது. உடைந்தது ரிமோட்.

வந்தது வந்துவிட்டேன், சும்மா திரும்ப முடியாது. "கொஞ்சம் உப்பு இருக்கிறதா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். பெருவிரல் எட்டிப்பார்த்த என் காலுறையைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு முழுப் பாக்கெட் உப்பைக் கொண்டுவந்து, திருப்பித் தர வேண்டியதில்லை என்று மெதுவான குரலில் சொன்னான். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பை இருந்தது. உள்ளே நான்கு பேணி பீன்ஸ், ஒரு பாக்கெட் பாஸ்தா, பிஸ்கட், அதற்கு மேல் அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஒரு துண்டுப்பிரசுரம்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். தபால் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வையாளர். மானம் ரோஷம் எல்லாம் அவருக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி கூட. பையைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஏனப்பா, உமக்கென்ன விசரே? வீட்டில மூண்டு விதமான உப்பு கிடக்கு. இனி ஊருக்குள்ள நான் எப்பிடித் தலை காட்டுறது?"

அவர் சொல்லும் ஊர் என்பது ஒரு மாடிப்படி, எட்டு வீடு.

மகள் மாயாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் பெண் உரிமைக் கழகத்தின் தலைவி. அவளுடைய அறைக் கதவில் "என் உடல், என் உரிமை" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே "தட்டிவிட்டு வரவும்" என்று அதைவிடப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். உரிமைக்காகப் போராடுகிறவளின் தட்டை மட்டும் நான்தான் கழுவ வேண்டும். அவளுடைய தமிழ் பாதி அப்பாவுடையது, பாதி என்னுடையது, மிச்சம் கிளாஸ்கோ.

"அம்மா, சண்டைன்னு நெனச்சா போலீசுக்கு அடிக்கிறதுதானே? ஏன் உப்பு கேட்டனீங்க? அது பொய்தானே?"

"உப்பு கேட்டுப் போறது பொய் இல்ல."

"அப்ப என்ன? உங்கட ஊர்ப் பழக்கமா?"

நான் பிறந்த இடத்தைப் பற்றி அவள் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மாயாவுக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்குக் கீழே இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு ஊரின் பெயர் என்பது மட்டும் போதும். இங்கே வந்த முதல் வருடம் அந்த அசல் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு கிறிஸ்தவக் கோயில், ஒரு மதுக்கடை, விடாத மழை, என்னை வெறித்துப் பார்த்த ஆடுகள். தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் எதற்காக ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் லயம் தொழிலாளர்களுக்கு ஒரே வரிசையாகக் கட்டிய பத்துக் காம்பிரா, பத்து அறை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரை எட்டாது. கட்டியவர்களுக்குக் கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ, மேலே இரண்டு அடி திறந்தே கிடக்கும். மூன்றாம் காம்பிராவில் தும்மினால் ஐந்தாம் காம்பிராவில் "நூறு வயசு" என்பார்கள். ஒரு வீட்டு ரகசியம் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஒரு காம்பிராவில் புருஷன் கையை ஓங்கினால், பக்கத்துக் காம்பிராப் பெண் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். "அடியே, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று வாசலிலிருந்தே சத்தம் கொடுப்பாள். சீனி கேட்க மாட்டாள், சீனி இல்லையென்று சொல்லிவிடலாம். உப்பு இல்லையென்று எந்த வீட்டிலும் வாய் திறந்து சொல்லக்கூடாது, வீட்டுக்கு ஆகாது. அதனால் அடிவாங்குகிறவள் எழுந்து உப்புச் சட்டியிடம் போயே ஆக வேண்டும். வந்தவள் உள்ளே வந்து நின்றே ஆக வேண்டும். கேட்டு வந்தவளுக்கு முன்னால் எந்த ஆம்பிளையும் அடிப்பதில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலில் போய்க் குந்தி பீடி பற்ற வைப்பான். ஒரு சிரட்டை உப்பை அள்ள எங்கள் பெண்கள் அரை மணி நேரம் எடுப்பார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்கக்கூடாது என்று ஒரு சாஸ்திரம் உண்டு. எங்கள் லயத்தில் அதை யாரும் மதித்ததில்லை.

"அது ஒரு தீர்வா அம்மா?" என்றாள் தலைவி.

இல்லை. அடுத்த வாரமும் அடி விழும், அடுத்த வாரமும் உப்பு போகும். பொலிஸ் நிலையம் எட்டு மைலுக்கு அப்பால், அங்கே பேசுகிற மொழியும் வேறு. அன்றைய அடியை அன்றைக்கு நிறுத்த எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இத அந்த புரொபெசரிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

அந்தப் பேராசிரியரின் பெயர் ஃபியோனா. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் அவருடைய பிள்ளைக்கு மசித்த உருளைக்கிழங்கு போடுகிறவள் நான். ஊவா மாகாணத் தோட்டங்களில் பெண்கள் மீதான வன்முறை, வேலை தருகிறேன் என்று சொல்லி உடம்பைக் கேட்பவர்கள், இவற்றைப் பற்றி ஒரு பெண்ணிய ஆய்வு செய்கிறார். பதுளைப் பக்கத்துத் தமிழைக் கேட்டு எழுதி மொழிபெயர்க்க ஆள் தேடி இரண்டு பட்டதாரிகளைப் பிடித்திருக்கிறார். இருவரும் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு இது தமிழ் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் உருளைக்கிழங்கு வரிசையில் என்னைக் கண்டுபிடித்தார்.

"உங்களுடைய தகுதி என்ன?" என்று விண்ணப்பப் படிவம் கேட்டது. "அங்கே பிறந்தேன்" என்று எழுதினேன். அதற்குச் சான்றிதழ் இணைக்கச் சொன்னது.

தோட்டங்களுக்குப் போய்ப் பேட்டி எடுத்தவள் ரிஸ்னா; அவள் போன இடங்களில் எங்கள் லயமும் ஒன்று. பண்டாரவளையில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. சுட்டியான பெண், நெஞ்சில் ஈரம் உள்ளவள். பேட்டியை "மூடிய, தனிமையான அறையில்" எடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக விதி. முதல் நாளே எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, கதவ மூடச் சொல்லி ஃபாரத்துல ஈக்குது. மூடினா என்ன விஷயமோன்னு வெளியில பத்துப் பேர் வந்து நிக்கிறாங்க. தொறந்து வச்சா ஒருத்தரும் எட்டிப் பாக்கிறதில்ல. நான் என்ன செய்யிற?"

கடைசியில் பிள்ளை மடுவத்தில் எடுத்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஒரு பெண் அங்கே நுழைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு வந்த ஒலிப்பதிவில் பாதி ஒப்பாரி. "தங்கள் வாழ்க்கைத்துணை தங்களிடம்..." என்று ரிஸ்னா ஆரம்பிப்பாள், ஒரு குழந்தை வீறிடும். எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி. குழந்தை அழுகிறது. வேறு குழந்தை அழுகிறது. முதல் குழந்தை மீண்டும்.

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். எங்கேயோ இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் தமிழாக்கியிருந்தது. "பாலியல் சுரண்டலுக்கு ஆட்பட்டவராகத் தாங்கள் தங்களை அடையாளப்படுத்திக்கொள்கிறீர்களா?" என்று அதில் ஒரு கேள்வி. இரண்டாம் காம்பிரா சரஸ்வதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குத் தகரம் குடுப்பீங்களா, இல்ல பணமா குடுப்பீங்களா?" என்றாள். தப்புச் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் படிவத்தோடு யார் வந்தாலும் அது கூரைத் தகரத்துக்குப் பெயர் எழுதத்தான்.

4

லயத்தில் ஒன்பது பெண்கள் பேசினார்கள். பத்தாவது காம்பிரா பூட்டியிருக்கிறது. அது எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி பெரகல சந்திப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது பேரும் சொன்னதை ஒரே வரியில் எழுதிவிடலாம். எனக்கு ஒன்றும் இல்லை, பக்கத்துக் காம்பிராவில்தான்.

"எங்க வீட்டுக்காரரு தங்கமானவருங்க," என்றாள் சரஸ்வதி. "அடிச்சாக்கூட மொகத்துல அடிக்க மாட்டாரு. மூணாங் காம்பிராவுல இருக்காளே, அவதாங்க பாவம்." மூன்றாம் காம்பிரா சொன்னது: "எனக்கா? சேச்சே. அந்தா, நாலுல கேளுங்க. கங்காணி அவளுக்கு மட்டும் ஏன் எப்பவும் அந்த ஏத்த மலையில அட்ட கடிக்கிற கொழுந்து நெர குடுக்குறாருன்னு கேளுங்க. அவரு கேட்டத அவ குடுக்கல, அதான்." நான்காம் காம்பிராவுக்குக் கங்காணியைத் தெரியவே தெரியாது, ஆனால் ஐந்தாம் காம்பிராவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

புனைபெயர் விஷயம் இன்னும் மோசம். அடையாளம் தெரியாதபடி வேறு ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்படி ரிஸ்னா ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொருத்தியும் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"ஏன் அப்படின்னு கேட்டன் அக்கா," என்றாள் ரிஸ்னா. "கத அவளோட கததானே, அப்ப பேரும் அவ பேருதானே போடணும், அடுத்தவ கதைக்கு எம் பேரப் போட்டுக்க நான் என்ன திருடியான்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல."

ஃபியோனாவுக்குத் தலை சுற்றியது. ஆய்வின் விதிப்படி ஒருவர் தனக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவருக்கு நடந்ததைச் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை, கணக்கில் சேராது. விதிப்படி பார்த்தால் எங்கள் லயத்தில் வன்முறையே இல்லை. ஒன்பது காம்பிராவும் சொர்க்கம். குழுவில் ஆலன் என்று ஒருவர் இருக்கிறார், எண்களைப் பார்க்கிறவர், பென்சிலைக் கூடச் சந்தேகப்படுகிற முகம். ஒன்பது பேட்டிகளையும் தூக்கிவிடலாம் என்றார் அவர்.

ஒவ்வொருத்தியும் அரை நாள் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்துவிட்டு வந்து பேசியவள். எங்கள் சுவரைப் பற்றியும் உப்பைப் பற்றியும் நீண்ட மின்னஞ்சல் எழுதினேன், மாயா எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தாள். ஆலன் அதை இரண்டு முறை படித்தாராம். நேர்மையான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். பதில் இப்படி வந்தது: பக்கத்து அறைப் பெண் சொல்வது நம்பத்தக்கது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். யாராவது ஒருத்தி, "ஆம், அவள் சொன்னது எனக்கு நடந்ததுதான், அப்படியேதான் நடந்தது" என்று உறுதிப்படுத்தினால் ஒன்பதையும் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பெண்களிடம் திரும்பிப் போய், உன்னைப் பற்றி இவள் இப்படிச் சொன்னாள் என்று கேட்பது ஒழுக்கவிதிக்கு விரோதம். அதைச் செய்யக்கூடாது. முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை.

அதைச் செய்யவும் கூடாது, செய்யாமல் ஒன்பதும் நிற்காது. படிவம் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு பூட்டைச் செய்ய வரும். அந்த நேரத்தில் நான் ஒன்பதாம் காம்பிராவின் ஒலிப்பதிவை இன்னும் கேட்கவில்லை. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஒன்பதாம் காம்பிரா பாக்கியம் அக்காவுடையது. அவர் தேர்ந்தெடுத்த புனைபெயர் தவமணி.

தவமணி நான்.

5

ஒரு நிமிட ஒலியை எழுத ஆறு நிமிடம் என்பது கணக்கு. பாக்கியம் அக்காவின் பதினொரு நிமிடத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் படிவம் ஒன்று உண்டு. "குழந்தை அழுதது" என்று எழுதி அனுப்பினேன்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. பத்தாங் காம்பிரா கதையச் சொல்றேன். இப்பப் பூட்டிக் கெடக்கு. அங்க ஒரு புள்ள இருந்துச்சு. படிச்ச புள்ள, இருவது வயசிருக்கும். தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியணும்னு அலைஞ்சுச்சு. பேர் பதியிறேன்னு சொல்லிக்கிட்டு கணக்கப்புள்ள ஐயா நோட்டோட வந்தாரு. பட்டப்பகல். ஆளுக எல்லாம் மலையில. நான் புள்ள பெத்துப் பதினாறு நாள், வீட்டுல கெடந்தேன். செவுத்துக்கு மேல சத்தம் கேட்டுச்சு. அந்தப் புள்ள வேணாங்க, வேணாங்கன்னு சொல்லுது. நான் உப்பு கேட்டுப் போகணும்னு எந்திரிச்சேன். புள்ள பால் குடிச்சிட்டு இருந்துச்சு. குடிச்சு முடிக்கட்டும்னு இருந்துட்டேன். பால் ஒரு சாக்குத்தாம்மா. ஐயா பெரிய ஆளு, நான் போய் நின்னா எங்க வீட்டுக்காரருக்கு வேல போயிருமேன்னு பயந்தேன். பொறகு போனேன். செரட்டைய எடுத்துக்கிட்டுப் போனேன்தான். போறதுக்குக் கொஞ்சம் சொணங்கிருச்சு."

அதற்குப் பிறகு ஒரு குழந்தை அழுகிறது. பிறகு ரிஸ்னா, அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்கிறாள்.

"வெளிநாட்டுல. இதக் கேட்டு எழுதுறது நம்ம பக்கத்துப் புள்ளன்னீங்கள்ல. அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க, அந்த எடத்தச் சரியா எழுதச் சொல்லி. நான் வரவே இல்லன்னும் எழுதக்கூடாது. ஒடனே வந்தேன்னும் எழுதக்கூடாது. சொணங்கிருச்சு. அப்படியே எழுதட்டும்."

பாக்கியம் அக்கா வந்தார். சிரட்டையோடு வாசலில் நின்று உப்பு கேட்டார். கணக்கப்பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அக்கா சுணங்கியது எவ்வளவு என்பது எனக்கு மட்டும் தெரியும். நடக்கக்கூடாதது நடந்து முடிந்திருந்தது. என் பெயரையும் அவர் பதியவில்லை. மூன்று மாதத்தில் நான் கொழும்புக்குப் போனேன், அங்கிருந்து இங்கே. யாரோடோ ஓடிப்போய்விட்டேன் என்று பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பேசிக்கொண்டார்களாம். நான் ஓடியது உண்மை, யாரோடும் இல்லை.

இருபத்து நான்கு வருடமாக அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் பக்கத்துக் காம்பிராவில்தான். சரஸ்வதி சொன்னதைக் கேட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அன்று முழுவதும் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் போக வேண்டிய ஆளிடம் போனது. அந்த ஆள் செத்துப் பல வருடம்.

6

புதன்கிழமை என் கணவரிடம் சொன்னேன். மாயாவும் வந்து உட்கார்ந்தாள், நான் போகச் சொல்லவில்லை. நான் முடித்த பிறகு அவர் வெகுநேரம் மேசையைத் துடைத்தார். சுத்தமான மேசை.

"அந்தாள் இருக்கிறானோ?"

"செத்துட்டாரு."

"அப்ப இனி நான் ஆருக்கப்பா அடிக்கிறது?" என்றார். வாழ்நாளில் யாரையும் அடித்திராத மனிதர், அடிக்க ஒரு ஆள் இல்லையே என்று அவ்வளவு கவலைப்பட்டார். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

மாயா என் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். அவளுடையதையும் கழுவினாள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் கோபம் வந்தால் இலக்கணம் போய்விடும். அதனால் அவர்களுடைய தேநீர் மேசையிலிருந்து பத்துக் காகிதக் கோப்பைகளை எடுத்துவந்து வரிசையாக வைத்தேன். இது லயம் என்றேன். கோப்பைகளுக்கு நடுவில் ஆலனுடைய காகிதங்களைச் செங்குத்தாகச் செருகினேன், இது சுவர். சுவர் கோப்பையைவிடக் கொஞ்சம்தான் உயரம், பாருங்கள், கூரை இங்கே. முதல் கோப்பை இரண்டாம் கோப்பையைச் சொல்கிறது, இரண்டு மூன்றைச் சொல்கிறது. யாரும் தன்னைச் சொல்வதில்லை. ஆனால் முதல் கோப்பையை விட்டால், சொல்லப்படாத கோப்பை ஒன்றுகூட இல்லை.

ஃபியோனா அழ ஆரம்பித்தார். அவர் சீக்கிரம் அழுவார்.

ஆலன் அழவில்லை. "நான் கேட்ட சான்று?" என்றார்.

மேசையின் ஓரத்தில் நின்ற பத்தாவது கோப்பையைத் தொட்டேன். "ஒன்பதாம் அறைப் பெண் பத்தாம் அறையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அது என் வீடு. அது எனக்கு நடந்தது."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. எங்கோ ஒரு ஹீட்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆலன் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவர் வந்தாரா? உப்பு கேட்டு?"

"வந்தார். கொஞ்சம் சுணங்கி."

ஒன்பது பேட்டிகளும் சேர்ந்தன. அதற்குப் பிறகு என்மேல் படிவங்கள் வந்து விழுந்தன. நான் இப்போது ஊழியரும் ஆகிறேன், ஆய்வில் பங்கேற்றவரும் ஆகிறேன், அது முரண். என்னைப் பற்றிய ஒலிப்பதிவை நானே கேட்டதற்கு நானே எனக்குச் சம்மதம் தர வேண்டும், இரண்டு பிரதிகளில். புனைபெயர் என்ற இடத்தில் யோசிக்காமல் பாக்கியம் என்று எழுதினேன். ஃபியோனா பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் பத்துப் பேருக்கும் அவர்களே ஸ்காட்லாந்துப் பெயர்களை வைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வைத்தவர்கள் எங்களுக்கும் வைக்கட்டும். அந்த அறிக்கையில் மொராக் என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண் பேசினால், அவள் சரஸ்வதி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

7

போன ஞாயிற்றுக்கிழமை ரிஸ்னா அனுப்பிய எண்ணுக்குக் கூப்பிட்டேன். பாக்கியம் அக்காவின் மகனுடைய எண். அன்றைக்குப் பால் குடித்துக்கொண்டிருந்தானே, அவன்தான். ஹாலிஎலயில் வேலையாம், அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கம்மிய குரலில் "யாருங்க?" என்றான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

என்ன பேசுவது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். இருபத்து நான்கு வருடம். நீங்கள் சுணங்கியது உங்கள் குற்றம் இல்லை, அன்றைக்கு வந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று எழுதியிருந்தேன். நல்ல தமிழ், என் கணவர் திருத்திக் கொடுத்தது. மாயா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் போட்டாள். அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம், கோழி, ஒரு வானொலி. அந்தச் சுவருக்கு மேலால் வரும் சத்தங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

"யாரு பேசுறது?" என்றார் பாக்கியம் அக்கா.

காகிதத்தில் எழுதியது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா," என்றேன். "கொஞ்சம் உப்பு இருக்கா?"

ஒலிப்பதிவில் இடைவெளிகளைக் குறித்த பழக்க தோஷம், மனதுக்குள் விநாடிகளை எண்ணினேன். யாரோ வானொலியைக் குறைத்தார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது, சண்டைக்கு வருகிற மாதிரி, ஒன்பதாம் காம்பிராவிலிருந்து எப்போதும் வருகிற மாதிரி.

"ஏண்டி, இவ்வளவு சொணங்கியா வந்து கேக்குற?"